அவர் சொல்லி முடிக்கட்டும்

டாக்டர் வரும்வரை டிரைவரம்மா ஆஸ்பத்திரி அறையில் உட்காரவே இல்லை. ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள், கணவரின் சக்கர நாற்காலியை அரையடி நகர்த்தினாள், மறுபடி பழைய இடத்துக்கே தள்ளினாள். பல வருஷம் நகரப் பேருந்து ஓட்டியவள். ஓட்டும்போது சிக்னலில் நிற்பதே அவளுக்கு எரிச்சல். கணவரைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்ட பிறகும் கைகால் சும்மா இருக்கப் பழகவில்லை.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஏழாவது மாடியில் நின்று கத்தினால் தரைத்தளத்தில் இருப்பவன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஓடி வருவான். கூட வேலை பார்த்தவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'ஸ்பீக்கர்'. அந்த மனிதருக்குத்தான் நரம்பு நோய் வந்து முதலில் கை போயிற்று, பிறகு கால், கடைசியில் குரல். இப்போது அவருக்காகப் பேசுவது நாற்காலியில் மாட்டிய ஒரு திரை. அதன் கீழே இருக்கும் கேமரா அவர் கண் போகும் இடத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். எழுத்தின் மேல் கண்ணைச் சற்று நிறுத்தினால் எழுத்து விழும். ஓரிரு எழுத்து விழுந்ததும் இந்தச் சொல்லா, அந்தச் சொல்லா என்று திரையே மூன்று நாலை நீட்டும். வாக்கியம் முடிந்ததும் செய்தி வாசிக்கிற மாதிரி ஒரு ஆண்குரல் அதைப் படிக்கும்.

டிரைவரம்மாவுக்கு அவ்வளவு நேரம் காத்திருக்க முடியாது. பாதி வாக்கியத்திலேயே அவர் வாயிலிருந்து பிடுங்கிக்கொள்வாள். ஒரு தடவை 'தலை' என்று எழுதியதைப் பார்த்துப் பதறிப்போய் தைலம் தேய்த்து, மாத்திரையைப் பொடித்துக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியை அமுக்கினாள். எல்லாம் அடங்கிய பிறகு அவர் பொறுமையாக எழுதி முடித்தார்: "தலையணை உறையை மாத்து. நாறுது." அன்று சிரித்தார்கள். ஆனால் அதற்கப்புறமும் அவள் மாறவில்லை.

டாக்டர் உள்ளே வந்ததும் சுற்றி வளைக்காமல் பேசினார். "மூச்சுத் தசை ரொம்ப பலவீனமாயிட்டு வருது. கழுத்துல சின்னதா ஒரு துளை போட்டு மிஷின் வெச்சா நல்லா மூச்சு விடலாம். ஆனா ராத்திரி பகலா ஆள் வேணும். சளி எடுக்கணும். வேண்டாம்னாலும் சொல்லலாம், கஷ்டம் தெரியாம நாங்க பாத்துக்குவோம். யோசிச்சு…"

"யோசிக்க என்ன இருக்கு? வெச்சிடுங்க டாக்டர்," என்றாள் டிரைவரம்மா.

டாக்டர் அவளைப் பார்த்துவிட்டு நாற்காலியின் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க சார். எவ்வளவு நேரம் ஆனாலும் சரி."

கண் நகர ஆரம்பித்தது. அவள் நாற்காலிக்குப் பின்னால் போய்த் திரையைப் பார்த்தாள். 'எனக்கு' விழுந்தது. 'மிஷின்' விழுந்தது. 'வே' விழுந்தது. திரை மூன்று சொற்களை நீட்டியது: வேணும், வேண்டாம், வேலை.

சில நாட்களாகவே அவர் சரியாகச் சாப்பிடவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். 'எதுக்கு இதெல்லாம்' என்று ஒரு நாள் எழுதியதை அவள் படிக்காத மாதிரி அழித்திருந்தாள். இப்போது அவர் கண் நடுச்சொல்லின் மேல் போவதாகத்தான் அவளுக்குத் தோன்றியது. தன்னை அறியாமல் முன்னால் வந்து, திரைக்கும் அவருக்கும் நடுவில் மண்டியிட்டாள்.

"வேண்டாம்னு மட்டும் சொல்லிடாதீங்க. உங்க கால்ல விழறேன். நான் இருக்கேன்ல? தூங்காம பாத்துக்குவேன். யாரும் வேண்டாம், நான் ஒருத்தி போதும்."

அவர் கண் அவள் தோளுக்கு மேலே தேடியது. இடப்பக்கம், வலப்பக்கம். திரை செத்த மாதிரி நின்றது.

"அம்மா," என்றார் டாக்டர், "நீங்க மறைச்சா அவரால பேச முடியாது."

அவளுக்குச் சுருக்கென்றது. அவர் நன்றாக இருந்த காலத்தில் எத்தனையோ சண்டை போட்டிருக்கிறார்கள். ஒரு நாளும் அவள் அவர் வாயைப் பொத்தியதில்லை. பொத்தினாலும் அடங்குகிற வாயா அது? எழுந்து சுவரோரம் போய் நின்றாள். முந்தானையை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள்.

"எனக்கு மிஷின் வேணும்," என்றது செய்திக்குரல்.

அவள் அழுதுகொண்டே ஓடி வந்தாள். டாக்டர் கையை நீட்டித் தடுத்தார். "இருங்க. இன்னும் எழுதறார்."

நெடுநேரம் கழித்துக் குரல் வந்தது. "நீ வேலைக்குப் போனா மட்டும்."

"என்ன விளையாட்டு இது? நான் போயிட்டா உங்கள யாரு பாத்துக்குவா?"

கண் நகர்ந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். "தம்பி வரேன்னான். நீதான் அவனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு விரட்டிட்ட."

"தெரியாதுதான்! ஒரு டம்ளர் கழுவத் தெரியுமா உங்க தம்பிக்கு?"

"கத்துக்குவான். நீ என்னைப் பாத்துக்கிட்டே இருக்க. அதுலயே எனக்கு மூச்சு முட்டுது."

செய்திக்குரல் இதையும் நாளைக்கு மழை வரலாம் என்கிற தோரணையில்தான் சொன்னது. டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கோப்பைப் புரட்டினார். டிரைவரம்மா கதவை அறைந்து சாத்திக்கொண்டு வெளியே போனாள்.

தாழ்வாரத்தில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தாள். உறக்கத்தை விட்டு, வேலையை விட்டு, உடம்பைத் தேய்த்து உழைத்தவளுக்குக் கிடைத்த மரியாதை இது. நன்றி கெட்ட மனுஷன். தண்ணீர் பிடித்தாள், குடிக்காமலே கொட்டினாள். நடையின் வேகம் குறைந்த பிறகுதான் வேறொன்று உறைத்தது. அவரோடு இப்படி மல்லுக்கு நின்று எத்தனை காலமாயிற்று! இத்தனை நாளும் அவள் பேசினாள், அவளே பதில் சொன்னாள், அவளே ஜெயித்தாள். அவர் இன்று திருப்பி அடித்திருக்கிறார். வலித்தது. ஆனாலும் அவர்தான் அடித்தார், அவரேதான்.

உள்ளே போய் அவர் எதிரில், திரை மறையாதபடி தள்ளி நின்றாள்.

"மூச்சு முட்டுதுன்னா சொன்னீங்க?"

"ஆமா."

"பதில் சொல்ல எனக்கும் நேரம் வேணும்."

"எடுத்துக்கோ," என்றது குரல்.

ஒரு வாரம் முறைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு கொழுந்தனுக்கு அவளே போன் செய்தாள். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கொழுந்தன் நர்ஸிடம் சளி எடுக்கக் கற்றுக்கொண்டான். திட்டு வாங்கினான், தேறினான். டம்ளர் மட்டும் இன்னும் சரியாகக் கழுவுவதில்லை. டிப்போவில் அவளுக்குக் காலை ஷிஃப்ட் மட்டும் கொடுத்தார்கள்.

முதல் நாள் முதல் நடையின் கடைசி நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தியதும் வீட்டுக்குப் போன் போட்டாள். கொழுந்தன் போனைத் திரையருகே வைத்தான்.

"சாப்பிட்டாச்சா? சளி எடுத்தானா? மிஷின் சத்தம் சரியா இருக்கா?"

மூச்சு மிஷின் ஏறி இறங்கும் ஓசை மட்டும் கேட்டது. அவர் எழுதிக்கொண்டிருக்கிறார். அவள் ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டாள். பயணிகள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். கண்டக்டர் ஒரு விசில் கொடுத்தார். இன்னொன்றும் கொடுத்தார்.

"எல்லாம் சரி," என்றது குரல். திரையில் அடுத்து விழுந்ததைக் கொழுந்தன் படித்தான்: "இன்னிக்கு நீ…"

மறுபடி மிஷின் ஓசை மட்டும். நீ என்ன? நீ சீக்கிரம் வா? நீ போயிருக்கக் கூடாது? நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கினாள். கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"கிளம்பணும்ங்க. நீங்க மெதுவா எழுதி முடிச்சு வைங்க. அடுத்த நடை முடிஞ்சதும் கேக்கறேன்."

போனைப் பையில் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினாள். வழியெல்லாம் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.