மடியில் விரித்த துணி

அண்ணிக்கு பிரெஞ்சுக்காரர்கள் மேல் பைத்தியம் பிடித்த வருஷத்தில்தான் அண்ணனுக்குத் தொண்டையில் ஏதோ அடைக்க ஆரம்பித்தது. முதல் விஷயம் ஊருக்கே தெரியும். இரண்டாவது அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

அண்ணன் பஸ் டிரைவர். ட்ரிப்புக்கு நடுவில் நின்றபடியே சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடி ஓடி, வீட்டிலும் அதே பழக்கம். அண்ணி தண்ணீர் எடுத்து வருவதற்குள் கை கழுவியிருப்பான். அப்புறம் டிவிதான். அண்ணி அடுப்படியில் தனியாகச் சாப்பிடுவாள். அவளுக்குப் பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிற வேலை. நாளெல்லாம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வாய் திறக்காத ஆட்களோடு கிடந்துவிட்டு, ஒரு வார்த்தை பேச ஏங்கி வீட்டுக்கு வருகிறவள்.

அண்ணனுக்குச் சர்க்கரை கூடிவிட்டது என்று டாக்டர் பயமுறுத்தியதும், ஃபோனில் எவளோ சொன்னதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பிரெஞ்சுக்காரர்கள் வெண்ணெயும் சீஸுமாகத் தின்றும் ஊதுவதில்லையாம். உட்கார்ந்து, பேசி, நிதானமாகச் சாப்பிடுகிறார்களாம். அன்றோடு டிவிக்கு வாய்ப்பூட்டு. நான் டெய்லர் என்பதால் மேஜை விரிப்பும், மடியில் விரிக்க இரண்டு துணியும் என் தலையில் விழுந்தன. முதலில் சூப். அப்புறம் சின்னத் தட்டில் மீனோ கறியோ. பச்சைக் காய்கறி அதற்கும் பிறகு. கடைசியில் நகக்கண் அளவு சீஸ், அதன் நாற்றத்துக்கு அண்ணனின் சாக்ஸே தேவலை. ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் ஸ்பூனைக் கீழே வைத்தாக வேண்டும், அது சட்டம்.

ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்க மாட்டான் என்று நினைத்தேன். அவனோ பிரெஞ்சுக்காரனையே மிஞ்சிவிட்டான். ஒரு துண்டு ரொட்டியைப் போட்டு மென்றுகொண்டே இருப்பான். பாதித் தட்டிலேயே போதும் என்பான். பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட வேண்டி வந்தபோது அண்ணி தெருவெல்லாம் சொல்லிப் பூரித்துப் போனாள். நான் அவனை 'துரை' என்று கூப்பிட்டேன். சிரித்துக்கொள்வான், பாவி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இருந்தபோது, அண்ணி துவைக்கப்போகிற துணிகளை உதறினாள். அண்ணன் மடியில் விரிக்கிற துணியிலிருந்து மென்று துப்பிய ரொட்டியும் மீனும் ஈரமாக விழுந்தன. அவள் முகம் செத்துவிட்டது. துணியைக் கொண்டுபோய் அவன் முன்னால் வைத்து, பிடிக்கவில்லை என்றால் வாயைத் திறந்து சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று கேட்டாள்.

அண்ணன் மேஜை விரிப்பைத் தடவிக்கொண்டே இருந்தான்.

"முழுங்க முடியல," என்றான். "ரொம்ப நாளாவே."

"ஏங்க சொல்லல?"

"சொன்னா ஆஸ்பத்திரி, படுக்கைன்னு ஆயிடும். இத்தனை வருஷம் கழிச்சு இப்பதான் எதிரெதிர உக்காந்து பேசிட்டிருக்கோம். இன்னும் கொஞ்ச நாள் போகட்டுமேன்னு இருந்துட்டேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனை ஓங்கி அறையலாம் போலிருந்தது. அதற்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. அண்ணி அழவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு அவன் கையைப் பிடித்தாள்.

ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுத் தொண்டையில் கட்டி என்றார்கள். கொஞ்சம் முன்னாலேயே வந்திருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், அண்ணியைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டார். வயிற்றில் குழாய் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இனி வாய் வழியாக எதுவும் கிடையாது.

அண்ணி விரிப்பைச் சுருட்டிப் பரணில் போட்டாள். மறுபடியும் அடுப்படி. அவனுக்குத் தெரியாமல் நின்றபடியே நாலு வாய் போட்டுக்கொள்வாள். அவனுக்கா தெரியாது? நான் பார்க்கப் போயிருந்த அன்று, கட்டிலை விட்டு எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தான். விரிப்பை எடுக்கச் சொல்லி எனக்குக் கை காட்டினான். எடுத்து விரித்தேன். அவள் தட்டை எதிரே வைக்கச் சொன்னான்.

"நீங்க பட்டினியா பாத்துட்டிருக்க, நான் எப்படிங்க சாப்பிடுவேன்?" என்றாள் அண்ணி.

"உக்காரு." குரல் வெறும் காற்றாக வந்தது. "மெதுவா சாப்பிடு. இன்னிக்கு டோக்கனுக்கு யார் யார் வந்தாங்க, சொல்லு."

அண்ணி அவன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். குழாயில் பால் இறங்குவதற்காகப் பெரிய சிரிஞ்சை இடது கையில் தூக்கிப் பிடித்தபடி, கன்னம் வீங்கி வந்தவர்களைப் பற்றி ஒவ்வொன்றாகச் சொன்னாள். வலது கையால் சாப்பிட்டாள். ஒவ்வொரு வாய்க்கும் ஸ்பூனைக் கீழே வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொள்ள அந்த ஒரு கைதான் இருந்தது.