பதில் மட்டும் தொங்கும் சுவர்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையில் உள்ள கோபம் சுங்கை சிப்புட் காளியம்மாவிடம் நான் இரவல் வாங்கியது. போன சனிக்கிழமை மலேசியாவின் ஈப்போ நகரில், மறைந்த பாடகி சந்திரமதி தம்பிமுத்துவின் கடிதக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். வாசலில் நின்ற காளியம்மா என் கையில் நோட்டைப் பார்த்ததும், "நீ எழுதுற ஆளா? அப்ப உள்ள வா, இதையும் எழுதிக்க லா" என்று இழுத்துக்கொண்டு போனார்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘ரப்பர் மரங்களுக்கிடையே பனி இறங்கிய அந்தக் காலையில், பதினேழு வயதுக் காளியம்மா

(நிறுத்திவிட்டேன். பனியை எழுதினால் கோபம் ஆறிவிடுகிறது.)

2

நடந்தது இதுதான். 1978இல் காளியம்மா இருந்த ரப்பர் தோட்டத்தின் மேனேஜர், பெண்பிள்ளைகள் மாலையில் படித்துவந்த அறையைப் பூட்டி உர மூட்டைகளை அடுக்கினார். அதே மாதம் அவருடைய விருந்தில் சந்திரமதி பாடுவதாக ஏற்பாடு. தோட்டத்து இளம்பெண்கள் மன்றத்தில் ஏழு பேர். ‘அக்கா, எங்கள் அறையைத் திறக்கும்வரை அங்கே பாடாதீர்கள்’ என்று அவருக்கு எழுதினார்கள்.

எழுதியது காளியம்மா. அடியில் பெயரில்லை, ‘செயலாளர்’ மட்டும். கிராணி* பிரித்துப் படித்தாலும் எவள் எழுதினாள் என்று பிடிபடக் கூடாது. ஏழு பேரும் முறைவைத்து எழுதுவார்கள், ஏழு பேருமே செயலாளர்.

சந்திரமதி பதில் போட்டார்: ‘அன்புத் தங்கைகளே, இசைக்குப் பகை கிடையாது. உங்கள் மன்றம் செழிக்க வாழ்த்துகள்.’ வந்தார், பாடினார், மாலை வாங்கிக்கொண்டு போனார். அறை திறக்கவில்லை. காளியம்மாவின் படிப்பும் அத்தோடு சரி.

* தோட்ட அலுவலக எழுத்தர். தபால் பையும் அவர் கையில், பெண்களைப் பெற்றவர்களின் காதும் அவர் வாயருகில்.

3

இப்போது அந்தப் பதில் சுவரில் ஆளுயரத்துக்குத் தொங்குகிறது. கீழே, ‘தோட்டப் பெண்களை ஊக்குவித்த தாயுள்ளம்.’ காளியம்மாவின் கடிதம் உள்ளே ஒரு பெட்டியில் கிடக்கிறது, ‘ரசிகைகளின் மடல்கள், எழுதியவர் தெரியவில்லை’ என்ற சீட்டோடு. ரசிகைகளாம்!

காளியம்மா, கண்காட்சியை நடத்தும் ஆவணக் காப்பகத்தின் பொறுப்பாளர் ஹரிஷாந்திடம் போனார்.

"தம்பி, அது நான் எழுதுனது. அதையும் பக்கத்துல மாட்டு."

"பேர் இல்லையே ஆண்ட்டி. ப்ரூஃப் இல்லாம எப்படி லா?"

"பேரு போட்டிருந்தா எங்கப்பா முதுகுத் தோலை உரிச்சிருப்பாரு. அந்தத் தழும்பு இருந்தா மாட்டுவியா?"

ஹரிஷாந்த் குரலைத் தாழ்த்தினார். "பாடகி குடும்பத்துக்குச் சங்கடமா இருக்கும் ஆண்ட்டி. கொஞ்சம் புரிஞ்சுக்குங்க."

(ஹரிஷாந்தைக் கொடியவராக்கி இரண்டு வரி எழுதி அடித்துவிட்டேன். நாற்காலி போட்டார், மைலோ கலக்கிக் கொடுத்தார். அதுதான் கூடுதல் எரிச்சல்.)

4

முடிவு ஒன்று: காப்பகம் மன்னிப்புக் கேட்கிறது. (பொய்.)

முடிவு இரண்டு: காளியம்மா கண்கலங்கி பஸ் ஏறுகிறார். நேற்று இதை அவருக்குப் படித்துக் காட்டினேன். "யாரும்மா அழுதா? நான் அழுததை நீ பாத்தியா?" என்று கத்தினார். அடித்துவிட்டேன்.

உண்மையில் அவர் அந்தச் சுவர் முன்னாலேயே நின்றுவிட்டார். பதிலை வாசிக்க வருகிற ஒவ்வொருவரிடமும் தம் கடிதத்தை முதல் வரியிலிருந்து மனப்பாடமாகச் சொல்கிறார். கடைசியில் ஏழு பெயரையும் சொல்கிறார். இன்று நான்காம் நாள். நானும் பக்கத்தில் நிற்கிறேன். காவலாளியைக் கூப்பிட்டுவிட்டார்கள். பாதிக் கடிதத்தில் அவர் கையைப் பிடித்து

இதற்குமேல் எழுத முடியாது, நான் ஒருத்தி நின்று போதவில்லை. கண்காட்சி ஞாயிறுவரை இருக்கிறது. நீங்களும் வந்து அவர் எதிரே நில்லுங்கள். பத்துப் பேர் கேட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு பெண்ணை இழுத்துக்கொண்டு போக அவர்களுக்குக் கூச்சமாக இருக்கும்.