உள்ளங்கையில் ஏழு எறும்புகள்

அந்த மூன்று மாடிக் கட்டடத்தில் ரகசியம் வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் முதலில் படிக்கட்டைக் கழற்றி எடுத்துவிட வேண்டும். யார் வீட்டுக்கு யார் வந்தார்கள், பையில் என்ன போயிற்று, திரும்பும்போது முகம் எப்படி இருந்தது என்பதெல்லாம் வந்தவர் தெருவில் கால் வைப்பதற்குள் எல்லா வாசலுக்கும் தெரிந்துவிடும். மூன்றாம் மாடி ஏப்ரன்காரம்மாவுக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்ததுதான் வினையாகப் போயிற்று.

சமையலறைக்கு வேண்டிய துணிச் சாமான் அத்தனையும் அவள் வீட்டிலேயே தைப்பாள். ஏப்ரன், சூடான பாத்திரத்தைத் தூக்கும் பிடிதுணி, அடுப்பிலிருந்து தட்டை உருவும் கையுறை, ரொட்டிக் கூடைக்கு விரிப்பு. ஒவ்வொன்றிலும் கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி மெஷின் ஒரு பூவையோ பழத்தையோ குத்தி வைக்கும். கை சுத்தம். வாய்தான் அவ்வளவு சுத்தமில்லை. வேலை கற்க வருகிற பெண்களுக்கு அவள் தலையில் குட்டிச் சொல்லும் பாடம் ஒன்று உண்டு: பூவை மேல்துணியில் போட்டு முடித்த பிறகுதான் பஞ்சையும், வெள்ளி நிறத்தில் மினுங்கும் வெப்பத் தடுப்புத் துணியையும் உள்ளே வைத்துத் தைக்க வேண்டும். எல்லாம் சேர்த்துத் தைத்ததன் மேல் மெஷின் ஊசி ஓடினால் பஞ்சு அமுங்கிவிடும், தடுப்புத் துணி சல்லடையாகிவிடும், சூடு நேரே கைக்கு வந்துவிடும். இந்தக் குட்டுகளை அதிகம் வாங்கியவள் அவளுடைய ஒரே மகள்.

சின்ன வயதில் சர்க்கரை டப்பாவுக்குள் விரல் விட்டே வளர்ந்ததால் மகளுக்கு எறும்பு என்று பெயர். அந்த எறும்பு நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு பேக்கரிக்காரனைக் கட்டிக்கொள்வேன் என்று நின்றது. அடுப்படித் துணி தைத்தே பிழைக்கிற அம்மா, அடுப்படிக்காரன் மருமகனாக வரக் கூடாது என்றாள். நாலு நாள் பட்டினி கிடந்தாள். மூன்றாம் நாளே குப்பைக் கூடையில் பிஸ்கட் உறையைப் பார்த்ததாகச் சொல்பவர்கள் உண்டு. மகளும் பார்த்துவிட்டாள் என்பதுதான் விஷயம். ஐந்தாம் நாள் பெட்டியோடு இறங்கிப் போனாள். அதிலிருந்து பேச்சு வார்த்தை இல்லை. ரிட்டயர்டு பஸ் டிரைவரான புருஷன் இரண்டு பக்கமும் ஹாரன் அடிக்காமல் டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

பேக்கரிக்குப் போக வர இருந்தவள் அவருடைய தங்கை, ஏப்ரன்காரம்மாவின் நாத்தனார் மட்டும்தான். போன மாதம் அவள்தான் சேதி கொண்டு வந்தாள். பேக்கரியில் பெரிய அடுப்பு வாங்குகிறார்களாம். கடையில் வாங்குகிற கையுறை எதுவும் உருப்படியில்லை, அம்மா தைக்கிற மாதிரி வராது என்று மகள் தானாகவே சொன்னாளாம்.

ஏப்ரன்காரம்மா முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை. ஆனால் அன்றைக்குச் சோற்றில் இரண்டு தடவை உப்புப் போட்டாள்.

மறுநாள் தைக்க உட்கார்ந்தாள். இரண்டு ஏப்ரன், ஆறு பிடிதுணி, ஒரு ஜோடி கையுறை. எல்லாம் சாம்பல் நிறம். மருந்துக்குக்கூட ஒரு பூ இல்லை. எதிர் வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, மகளுக்குப் போகிறதில் ஒரு இலையாவது போடக் கூடாதா என்றாள். கேட்டது துணி, கொடுப்பதும் துணி, அதற்கு மேல் இறங்கி வர முடியாது என்று இவள் சொன்னது கீழ்த் தளம் வரைக்கும் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் சொன்னாள்.

நாத்தனார் வந்து வாங்கிப் போவதாகச் சொன்ன நாள், மதியம். வேறொரு வேலைக்காக மெஷினில் பழம் தேடப் போனவள் திரையில் ஒரு எறும்பைப் பார்த்தாள். மகளின் பள்ளிக்கூடச் சாப்பாட்டுப் பைக்காக அவளே வரைந்து ஏற்றியது. நாலு வருஷத்தில் எத்தனையோ டிசைன்களை அழித்திருக்கிறாள்; இதை அழிக்கவில்லை என்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

புதிதாக வெட்டித் தைக்க நேரமில்லை. வலது கையுறையின் ஓரத் தையலைப் பிரித்தாள். புறங்கைப் பக்கம் போட்டால், நாத்தனார் எப்படியும் படிக்கட்டில் பையைப் பிரித்துக் கடை பரப்புவாள், கட்டடமே பார்த்துச் சிரிக்கும். உள்ளங்கைப் பக்கம் போட்டால் போட்டுக்கொள்கிறவளுக்கு மட்டும் தெரியும். விரித்து மெஷினின் ஃப்ரேமில் இறுக்கினாள். எல்லா அடுக்கையும் சேர்த்து ஊசி இறங்கும் சத்தம் வேறு மாதிரி கேட்டது. சின்ன எறும்புதானே என்று நினைத்துக்கொண்டாள். ஒன்று போட்டு, மனசு அடங்காமல், மணிக்கட்டிலிருந்து விரல் வரைக்கும் ஏழு எறும்பை வரிசையாக ஏற விட்டாள். கருப்பு நூல், நெருக்கமான தையல். ஓரத்தை மூடித் தைக்கும்போது பாடிக்கொண்டிருந்தாளாம். எதிர் வீட்டுக்காரி சத்தியம் செய்கிறாள்.

எதிர்பார்த்த மாதிரியே நாத்தனார் இரண்டாம் மாடியில் பையைப் பிரித்தாள். எல்லாரும் புறங்கையைத்தான் பார்த்தார்கள். "பெத்த மனசு இப்படியும் கல்லா இருக்குமா" என்று உச்சுக் கொட்டினார்கள்.

மூன்றாம் நாள் காலையில் நாத்தனார் திரும்பி வந்தாள். கையில் அதே பை.

புது அடுப்பு, முதல் தட்டு. வலது கையால் மகள் இழுத்திருக்கிறாள். பாதி வழியில் உள்ளங்கை வெந்து, தட்டு காலடியில் விழுந்து, அத்தனை பன்னும் தரையில். கையில் கொப்புளம், ஏழு, வரிசையாக. பேக்கரிக்காரனின் அம்மா, ரொட்டிக் கடைக்குப் போய் எவளாவது எறும்பை அனுப்புவாளா, இது சாபமில்லாமல் என்ன என்றாளாம்.

"அவ கிடக்கறா. எறும்பு என்ன சொன்னா?"

நாத்தனார் பையைக் கீழே வைத்தாள். "சொல்லட்டுமா அண்ணி? 'தெரியாம நடந்துதுன்னு மட்டும் சொல்லாதீங்க அத்தை. தைச்சு முடிச்சதுக்கு மேல ஊசி விடாதேன்னு எங்கம்மா என் தலையில கொட்டின கொட்டு இன்னும் வலிக்குது'ன்னா."

மற்றவர்கள் கண்ணில் படக் கூடாது என்றுதான் உள்ளங்கைப் பக்கம் போட்டேன் என்றாள் ஏப்ரன்காரம்மா. நாத்தனாருக்கு மனசு ஆறவில்லை. "மத்தவங்கன்னா நானுமா? தூக்கிட்டுப் போனது நான்தானே" என்று அவளும் முகத்தைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினாள். போக வர இருந்த ஒரு காலும் நின்றது.

தனியாக ஆனதும் அவள் அடுப்பில் இரும்புத் தோசைக்கல்லைக் காய வைத்தாள். பையிலிருந்த வலது கையுறைக்குள் கையை விட்டு, கல்லை அழுத்திப் பிடித்தாள். மகள் எத்தனை எண்ணும் வரை தாங்கியிருப்பாள் என்று தெரிய வேண்டும். ஐந்துக்கு மேல் எண்ண முடியவில்லை.

சாயங்காலம் அவளே பேக்கரிக்குப் போனாள், நாலு வருஷத்தில் முதல் தடவையாக. மகள் கட்டுப் போட்ட கையோடு கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்றிருந்தாள். இளைத்திருந்தாள். யோசித்து வைத்த சொல்லெல்லாம் போய், இவள் தன் உள்ளங்கையை மட்டும் விரித்துக் காட்டினாள். சிவந்து புடைத்து, ஏழு.

மகள் அதை நன்றாகத்தான் பார்த்தாள்.

"அன்னைக்குப் பட்டினி. இன்னைக்கு இதுவா?" குரல் உயரவே இல்லை. "என்னால முடியாதும்மா. இனிமே எதையும் தைச்சு அனுப்பாதே." உள்ளே போய்விட்டாள். மாவுக் கையோடு வெளியே வந்த மருமகன், யாரோ ஒரு வாடிக்கையாளரிடம் கேட்பதுபோல் என்ன வேண்டும் என்று கேட்டான். அவள் ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டு வந்தாள்.

படியேறும்போது எல்லா வாசலிலும் ஆள் இருந்தது. கையில் என்ன என்றதற்கு ரொட்டி என்றாள். இன்னொரு கையில் என்ன என்றதற்கு அதை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். புருஷன் மட்டும் டிவியிலிருந்து கண்ணை எடுத்து, "பார்த்தியா?" என்றார். பார்த்தேன் என்றாள். அவர் சத்தத்தைக் குறைத்தார். ஒருவரும் ரொட்டியைத் தொடவில்லை.

மறுநாள் ஒரு கடைக்காக இருபது பிடிதுணி தைக்க வேண்டியிருந்தது. இடது கையால் ஃப்ரேமைத் திருகினாள். முதலில் மேல்துணி. அதில் பூ. அதற்குப் பிறகுதான் பஞ்சும் வெள்ளித் துணியும். எதிர் வீட்டுக்காரி எட்டிப் பார்த்தபோது பதினோராவது பூ ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றிலும் ஒரு குறை சொல்ல முடியவில்லை என்றுதான் அவளும் கீழே வந்து சொன்னாள்.