கடல்சிங்கத்துக்கு ஒரு சால்வை

ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபம் ஒன்றின் வாசலில் பாக்கியநாதனின் முகம் பேனரில் பத்தடி உயரத்துக்குத் தொங்கியது. பின்னால் பிரம்மாண்டமான ஒரு விமானந்தாங்கிக் கப்பல். அவர் வேலை பார்த்த சின்னப் போர்க்கப்பலை அதன் மேல்தளத்தில் ஒரு மூலையில் நிறுத்தி வைத்துவிடலாம். கீழே, ‘ஆறு வீரர்களைத் தோளில் சுமந்து நீந்திய கடல்சிங்கம்’ என்று போட்டிருந்தது.

“ஆறு பேரா? யாருங்க சொன்னது?” என்று கேட்டார்.

விழா நடத்தும் சங்கத்தின் செயலாளர் வளவன் சிரித்தார். “ஒரு கெத்துக்குப் போட்டதுங்கய்யா. யாரு எண்ணிப் பாக்கப் போறா?”

எழுபத்தொன்றாம் வருடம் டிசம்பரில், பாகிஸ்தான் போரில் அந்தச் சின்னக் கப்பல் மூழ்கியபோது பாக்கியநாதனுக்கு இருபத்திரண்டு வயது. பிறகு பாலக்கரையில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்தார், இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தார். டிசம்பர் மாதம் பிறந்தால் யாரோடும் பேச மாட்டார். ஐம்பது வருடமாகத் திரும்பிப் பார்க்காத ஊர், யாரோ ஃபேஸ்புக்கில் எழுதிய பிறகு திடீரென்று அவரைக் கண்டுபிடித்திருந்தது.

சிறப்பு விருந்தினர் ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்து, கடற்படையைத் தரைப்படை என்று இரண்டு முறை சொன்னார். சால்வை போர்த்தினார். போட்டோக்காரர் தவறவிட்டதால் அதை உருவி எடுத்து மறுபடியும் போர்த்தினார். பாக்கியநாதனுக்கு இரண்டு நிமிடம் கொடுத்தார்கள்.

“நான் யாரையும் காப்பாத்தலைங்க” என்று ஆரம்பித்தார். “டார்பிடோ அடிச்சப்ப மேல்தளத்துல நின்னேன். அதனால பொழச்சேன். வேற தெறமை ஒண்ணும் கெடையாது. கடல் முழுக்க எண்ணெய். மிதவையில எடமில்ல, அதோட கயித்தைப் புடிச்சுத் தொங்கினேன். தொட்டியத்துக்காரன் சின்னையன், எனக்கு அடுத்த படுக்கை அவனுக்கு, வந்து என் காலைப் புடிச்சான். கயிறு கையை விட்டு நழுவுச்சு. நான் உதைச்சேங்க. ரெண்டாவது உதையில அவன் கை விட்டுப்போச்சு.”

கைதட்டினார்கள். முன்வரிசைப் பெரிய மனிதர்கள் போனிலிருந்து தலையைத் தூக்காமலே தட்டினார்கள். நன்றியுரையில் வளவன், “சின்னையன் என்ற வீரரைத் தாம் காப்பாற்றிய கதையை ஐயா உருக்கமாகச் சொன்னார்கள்” என்றார். மறுபடியும் கைதட்டல். அடுத்தது சாப்பாடு என்பதால் அதில் கொஞ்சம் அவசரம் இருந்தது.

மறுநாள் காலை அந்தப் பொய், போட்டோவோடு வாட்ஸ்அப்பில் சுற்றியது. மத்தியானத்துக்குள் தொட்டியத்துக்கும் போய்விடும். பாக்கியநாதன் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்த் தொட்டியம் பஸ் ஏறினார். இதற்கு முன் மூன்று தடவை இப்படிக் கிளம்பி, வழியில் முசிறியிலேயே இறங்கித் திரும்பியிருக்கிறார். இந்தத் தடவை இறங்கவில்லை.

சின்னையனின் தங்கை மாரியாயிக்கு எழுபது வயதிருக்கும். வாழைத்தார்களுக்குச் சருகு சுற்றிக்கொண்டிருந்தாள். மேடையில் சொன்னதை அவர் அப்படியே சொன்னார். முடிக்கும்வரை அவள் கை நிற்கவில்லை.

“தூக்கத்துலயே போயிட்டான்னு நெனச்சுதான் எங்கப்பா கண்ணை மூடுனாரு. இப்ப எதுக்கு வந்தீங்க? உங்க மனசு லேசாகணும்னா?”

“அதுவும்தாம்மா. பொய்யைக் கேட்டு நீங்க நம்பிடக் கூடாதுன்னும்…”

“நல்ல ஆளுங்கய்யா நீங்க! இத்தனை வருசம் பொறுத்தவரு, நானும் போய்ச் சேர்ற வரைக்கும் பொறுத்திருக்கக் கூடாதா?”

நேற்றிலிருந்து கேட்ட பேச்சுகளில் இது ஒன்றுதான் அவரைப் பார்த்துச் சொன்னதாக இருந்தது.

“எந்தக் காலு?” என்றாள்.

வலது காலைக் காட்டினார். மாரியாயி சருகைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்து, செருப்புக்குள் இருந்த அந்தப் பாதத்தை வெகுநேரம் பார்த்தாள். தொடவில்லை.

“ஏதாச்சும் சொன்னானா?”

“என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாம்மா.”

“எங்க யாரு பேராச்சும்?”

“இல்லம்மா.”

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்த தாரை இழுத்தாள்.

“மூணேகாலுக்கு பஸ் இருக்கு. போயிட்டு வாங்கன்னு சொல்ல மாட்டேன். போங்க.”