பத்தொன்பதில் பதினாலு

சுகாதாரத் துறையிலிருந்து கணக்கெடுக்க வந்த பெண் நாற்காலி நுனியில் உட்கார்ந்து ஐந்தாம் கேள்வியை வாசித்தாள்.

"கல்யாணத்துக்கு முன்னாடியே நீங்களும் வீட்டுக்காரரும் சொந்தமா?"

"பின்னே? அத்தை மகன்," என்றாள் வீட்டுக்காரி, பட்டம் வாங்கினவள் மாதிரி. "எங்க அப்பா அம்மாவும் அப்படித்தான். என் பெரிய பொண்ணும் அவ அத்தை மகனைத்தான் கட்டியிருக்கா. வெளியாள் இந்த வாசப்படி மிதிச்சதில்ல."

"பெரிய பொண்ணுக்குக் குழந்தைங்க?"

"ஒரு பையன். காது கேக்காது. ஊர்க் கண்ணு பட்டுது. அதை எழுதாதே."

ஊர்க் கண் காதைக் கொண்டுபோயிற்றாம். இவள் வாயை மட்டும் விட்டுவைத்திருக்கிறது.

"தெருவுல எத்தனை வீடு எங்களை மாதிரி?" என்று வீட்டுக்காரி திருப்பிக் கேட்டாள்.

"பத்தொன்பதுல பதினாலு."

"கேட்டியாடி!" என்று வீட்டுக்காரி உள்ளறைப் பக்கம் குரல் கொடுத்தாள்.

மூக்குக்கண்ணாடிக் கடை வேலைக்குக் கிளம்பிய சின்ன மகள் தலையை வாரிக்கொண்டே வந்தாள். இருபத்திரண்டு வயது. வெள்ளிக்கிழமை அவளைத் தன் தம்பிக்கு நிச்சயம் செய்வதென்று அம்மா முடிவு கட்டியிருந்தாள். தம்பி, முப்பத்தெட்டு வயசுக் குழந்தை, சோபாவில் காலாட்டிக்கொண்டிருந்தான். பேட்டரிக் கடைக்காரன், அவனுக்குச் சார்ஜ் ஏறி யாரும் கண்டதில்லை.

"ஊரே தும்மினா நானும் தும்மணுமாம்மா?"

"வாயப் பாரு! உன்னைத் தூக்கி வளர்த்த மாமன்டி."

"அதான் சொல்றேன். எனக்கு மூக்குத் துடைச்சுவிட்ட கை அது."

வந்தவள் அவசரமாகப் பக்கத்தைப் புரட்டினாள். "நிச்சயமானவங்க யாராவது இருக்காங்களா? சொந்தத்துலயா?"

"இதோ இவ. என் தம்பிக்குத்தான். எழுதிக்கோ."

"பதினெட்டு தாண்டினவங்க அவங்களே சொல்லணும்மா. வேற யார் சொன்னாலும் எழுதக்கூடாது." மகளைப் பார்த்தாள். "சொல்லுங்க. நிச்சயமாகியிருக்கா?"

அம்மா கண்ணாலேயே அறைந்தாள்.

"இல்ல. ஆகவும் ஆகாது."

"மேடம், பென்சில்ல எழுதுங்க," என்றான் பேட்டரி. "அவ மாறுவா."

"பேனாதான் சார்."

"கையெழுத்து இங்கயா?" என்று கேட்டுப் போட்டுவிட்டு மகள் செருப்பை மாட்டினாள். "வெள்ளிக்கிழமை எனக்கு வேலை இருக்கும்மா. வர்றவங்களுக்கு நீயே பதில் சொல்லிக்கோ."

இருவரும் படியிறங்கிப் போனபின் தம்பியின் கால் ஆட்டத்தை நிறுத்தியது.

"அக்கா, அப்ப எனக்கு யாரு பொண்ணு குடுப்பா?"

அந்தக் குடும்பத்தில் அதுவரை யாரும் வெளியே போய்ப் பெண் கேட்டதில்லை. எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது, தம்பியைப் பற்றி என்ன சொல்லிக் கேட்பது என்று அக்காவுக்குத் தெரியவே இல்லை.