வெள்ளி ராவு

அன்று பிற்பகல் கொழும்பில் கூடவிருந்த மருந்துச் சோதனைக் கண்காணிப்புக் குழு, புத்தளத்துச் சோதனை நிலையத்தை மூடிவிடும் என்பது ஏறக்குறைய உறுதியாகியிருந்தது. சனிக்கிழமை காலையிலிருந்தே டொக்டர் யூஜீனியாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. புத்தளம் தில்லையடிச் சிகிச்சை நிலையத்தின் சிறிய அறையில் கதிரையை இழுத்து அமர்ந்தாள், எழுந்தாள், கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள், மறுபடி நிமிர்த்தினாள்.

அங்கே சோதிக்கப்பட்டது, இன்புளுவென்சா வைரஸ் உடலுக்குள் பெருகுவதைத் தடுக்கும் புதிய மருந்து. ஆய்வுகூடத்தில் அதை உருவாக்கியவர்களுள் அவளும் ஒருத்தி. தெற்கிலுள்ள நிலையத்தில் காய்ச்சலை விரைவாகத் தணித்த அதே மருந்து, இங்கே மருந்தில்லாத வெறும் மாத்திரையை விட எள்ளளவும் மேலாக வேலை செய்யவில்லை. யாருக்கு எது கொடுக்கப்பட்டது என்பது குழுவுக்கு மட்டுமே தெரியும். வித்தியாசம் இல்லை என்பதை மட்டும் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

காய்ச்சல் தொடங்கி ஒரு நாளுக்குள் மருந்து உள்ளே போகவேண்டும். வைரஸ் பெருகி முடித்தபின் அதனால் ஆவது ஒன்றுமில்லை. ஆகவே வருகிறவர்களிடம் அவள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்.

"எப்ப தொடங்கினது, உம்மா?"

"வெள்ளி ராவு, மகள்," என்றாள் சித்தி ஸுலைஹா என்ற அந்த நோயாளி, முக்காட்டுக்குள் நடுங்கியபடி. அவளுடைய மகள் அஸ்கா தோளைத் தாங்கியிருந்தாள்.

நேற்றிரவு. நேரம் இருக்கிறது. யூஜீனியா எழுதத் தொடங்கினாள்.

"பொழுதுபட்டு மஃரிபு தொழுதிட்டுச் சரிஞ்சவதான் டொக்டர்," என்றாள் அஸ்கா. "விடிஞ்சு வாப்பா ஜும்மாக்குப் போகக்குள்ள சாரன் எடுத்துக் குடுக்கவும் எழும்பல்ல. மனிசன் கசங்கின சாரனோட போய், பள்ளி முழுக்க உம்மாட குறையச் சொல்லிட்டு வந்திருக்கார்."

"அந்த மனிசனுக்கு அலுமாரி எங்க இரிக்கெண்டே தெரியா," என்று முனகினாள் தாய்.

யூஜீனியாவின் பேனை நின்றது. "ஜும்மா நேற்று வெள்ளிப் பகல்தானே? வெள்ளி ராத்திரி காய்ச்சல் எண்டா, விடிஞ்சது சனியெல்லோ?"

சித்தி ஸுலைஹா அந்தக் காய்ச்சலிலும் அவளை இரக்கத்தோடு பார்த்தாள். "ராவு வந்துதானே மகள் பகல் வரும்? வெள்ளி ராவு போய்த்தான் வெள்ளி."

அஸ்கா சிரித்துவிட்டாள். "உம்மா ஆக்களுக்கு மஃரிபோட அடுத்த நாள் புறந்திரும் டொக்டர். நீங்க சொல்ற வியாழக்கிழம ராத்திரிதான் அவக்கு வெள்ளி ராவு."

"நீங்களும் அப்பிடித்தான் சொல்றதா?"

"நான் வெள்ளி நைட் எண்டா வெள்ளி நைட்தான். உம்மாக்கிட்டக் கதைச்சா உம்மாட கணக்கில சொல்லுவன்."

சிலாபக் கரையில் பிறந்த யூஜீனியாவுக்கு இரவு என்பது போன பகலின் வால். இந்த அறையில் எத்தனை பேர் எத்தனை ராவுகளைச் சொன்னார்கள்! அவர்களில் எத்தனை பேருக்கு, காலம் கடந்தபின் மாத்திரையைக் கையில் வைத்தாள்? எல்லாவற்றிலும் ஒரு நாளைக் கழித்துவிடவும் முடியாது. யார் எந்தக் கணக்கில் சொன்னார்கள்?

"உம்மாவ இந்தச் சோதனையில சேர்க்க ஏலாது. பிந்திட்டுது. வாட்டில வழமையான மருந்து தருவாங்க."

"அப்ப வெள்ளி நைட் எண்டே எழுதுங்களன்," என்றாள் அஸ்கா. "யாரு கேக்கப்போறா?"

"இவ்வளவு நாளும் அதத்தான் எழுதினன், தங்கச்சி."

அவர்களை வாட்டுக்கு அனுப்பிவிட்டு, சோதனையை நடத்தும் பேராசிரியரைக் கைப்பேசியில் அழைத்தாள். நடந்ததைச் சொன்னாள்.

"மருந்து தோக்குது எண்டு தெரிஞ்ச பிறகுதானா உமக்கு இந்தப் பிழை தெரிஞ்சது?"

"இப்பதான் தெரிஞ்சது, சேர்."

"மருந்தும் உம்மட, கேள்வியும் உம்மட. இப்ப நீரே திருத்தினால் ஆர் நம்புவினம்?"

அதற்குள் அவள் அறையை இரண்டு தரம் சுற்றியிருந்தாள். "வேற ஆராவது கேக்கட்டும் சேர். எல்லாரையும், முதலில இருந்து. நான் விலகிறன்."

"விலகினால் திரும்பச் சேர்க்கமாட்டாங்கள்."

"ஓம்."

"அதுக்குப் பிறகும் தோத்தால்?"

"தோத்தது மருந்துதான் எண்டாவது தெரியும். இப்ப அதுவும் தெரியாதே, சேர்."

"சரி. இண்டைக்கு மூடவேண்டாம் எண்டு சொல்லிப் பாக்கிறன்," என்றார் அவர்.

கைப்பேசியை வைத்துவிட்டுத் திரும்பினாள். போர்வையால் மூடிக்கொண்டு ஒருவர் கதவடியில் நின்றிருந்தார்.

"டொக்டர், எனக்கு இது தொடங்கினது..."

"என்னட்டச் சொல்லாதீங்க, அண்ணன்," என்று அவள் அவசரமாகக் கையை உயர்த்தினாள். "வாங்க, மற்ற டொக்டரிட்டக் கூட்டிட்டுப் போறன்."