கையுறையைக் கழற்றிப் பார்

வண்டிக்குள் ஹீட்டரைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, கண்ணாடி வழியாக மாட்டைப் பார்த்து "கொழுகொழுன்னு இருக்கு" என்று சொல்கிறவனை என்ன செய்வது? என் கொழுந்தன் வெண்டல் அப்படித்தான் சொன்னான். ஒரு நாளா இரண்டு நாளா, முழுசாக ஆறு வாரம்.

நவம்பர் கடைசியில் என் வீட்டுக்காரர் ஆர்லோவைக் குதிரை தள்ளிவிட்டது. தொடையெலும்பு முறிவு. நெப்ராஸ்கா மணல்மேட்டுப் புல்வெளியில் பனி விழுந்தபிறகு மாட்டுக்குத் தினமும் தீனி போட ஆள் வேண்டும். நான் இருக்கிறேனே! இருபத்தாறு வருடமாக அவர் பக்கத்தில் உட்கார்ந்து போய், இறங்கி இறங்கிக் கம்பிக் கதவு திறந்தவள். ஆனால் தீனி வண்டி நேராக அவர் தம்பி கைக்குப் போனது. "பனியில நீ எதுக்கு லவோன்" என்றார். கரிசனமாம்!

ஜனவரியில் ஒரு நாள் தண்ணீர்த் தொட்டியில் உறைந்ததை உடைக்கப் போனேன். மார்ச்சில் தலைச்சன் கன்று போடப்போகும் கிடேரிகள் நாற்பத்திரண்டும் ஓரமாக ஒதுங்கி நின்றன. ஒன்று கிட்டே வந்தது. கையுறையைக் கழற்றி முதுகு மயிருக்குள் விரலை விட்டேன். ஐயோ! எலும்பு கணுக்கணுவாகத் தட்டுப்பட்டது. குளிர்கால மயிர் இரண்டு விரல் தடிமன், எதையும் வெளியே காட்டாது. வயிறு மட்டும் பானை மாதிரி. முற்றின புல்லைத் தின்று தின்று, செரிக்க வழியில்லாமல் பட்டினி கிடக்கிற வயிறு அது. கூடவே புண்ணாக்குக் கட்டி போட்டால்தான் அந்தப் புல் உடம்பில் ஒட்டும். இந்த லட்சணத்தில் எங்கிருந்து முக்கிக் கன்று போடும்? போட்டாலும் மடியில் பால் ஏது?

மதியச் சாப்பாட்டில் கேட்டே விட்டேன்.

"வெண்டல், கிடேரிக்குக் கட்டி போடுறியா இல்லையா?"

"தெனமும் போடுறேன் அண்ணி. வண்டி சைரன அடிச்சா எல்லாம் ஓடி வருது."

"எது ஓடி வருது? கிழட்டு மாடுங்க முட்டித் தள்ளிட்டு முழுங்குது. கிடேரி வாயில ஒரு கட்டியாவது விழுந்துச்சா? பிரிச்சுப் போடணும்னு தெரியாதா உனக்கு?"

"பிரிக்கணும்னா நாலு ஆளு, நாலு குதிரை வேணும். அதுங்க வயித்தப் பாருங்க அண்ணி, உங்களுக்கு ஏன் இந்தக் கவல?" என்று சொல்லிவிட்டு நான் சுட்ட லவங்கப்பட்டை ரொட்டியில் மூன்றாவதை எடுத்தான்.

"அவன் பாத்துக்குவான், விடு" என்றார் ஆர்லோ, தட்டைப் பார்த்தபடி.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. நாற்பத்திரண்டு உயிர், அவற்றின் வயிற்றில் இன்னும் நாற்பத்திரண்டு. எதை விடச் சொல்கிறார்?

எங்கள் பக்கம் வண்டிச் சாவியை யாரும் எடுத்து வைப்பதில்லை, வண்டியிலேயே இருக்கும். மறுநாள் விடிந்ததும் தீனி வண்டியில் ஏறிவிட்டேன். மேற்குப் பட்டிக் கதவைத் திறந்து போட்டு, உள்ளே போய் சைரனை அடித்தேன். கிழடுகள் பனி தெறிக்க ஓடி வந்தன. கிடேரிகள் முட்டு வாங்கப் பயந்து, வழக்கம்போலப் பின்தங்கி நின்றன. உள்ளே கொஞ்சம் கட்டியைக் கொட்டிவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன். ஆளும் வேண்டாம், குதிரையும் வேண்டாம். பிறகு கிடேரிகளிடம் போய் நீளமாக வரிசை விட்டுக் கொட்டினேன்.

அவை தின்றுகொண்டிருக்கும்போதே வெண்டலின் வண்டி வந்தது. பக்கத்தில் ஆர்லோ.

"யாரக் கேட்டு வண்டிய எடுத்தீங்க?" என்று கத்திக்கொண்டே வெண்டல் இறங்கினான்.

"கையுறையக் கழட்டு."

"எதுக்கு?"

"கழட்டுடா!"

இத்தனை வருடத்தில் அவனை நான் 'டா' போட்டதில்லை. கழற்றினான். பக்கத்தில் தின்றுகொண்டிருந்த கிடேரியின் முதுகில் கையை வைத்தான். கை கொஞ்சம் நகர்ந்து நின்றுவிட்டது. முகம் தொங்கிப்போனது.

ஆர்லோ கண்ணாடியை இறக்கினார். "எப்படிடா இருக்கு?"

வெண்டல் கையை எடுத்து மறுபடி கையுறையை மாட்டினான்.

"வாயத் தொறந்து சொல்லுடா."

"வெறும் எலும்புண்ணே."

ஆர்லோ என் பக்கம் திரும்பினார்.

"இனிமே நீயே போடு லவோன். இன்னும் எட்டு வாரம் இருக்கு. தேறிடுமா?"

என்னைக் கேட்க இப்போதுதான் தோன்றியிருக்கிறது மனுஷனுக்கு!

"தெரியாது. டிசம்பர்ல கேட்டிருந்தா, தேறும்னு சொல்லியிருப்பேன்."